பூட்டிய கதவுக்கு இரண்டாவது நடை

ஜப்பானில் வேலை முடிந்து இரவில் வீடு திரும்புகிறவர் தபால் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு துண்டுச் சீட்டு கிடக்கும். பார்சல் கொண்டுவந்தோம், நீங்கள் வீட்டில் இல்லை என்று பணிவான தகவல். எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் அனுப்பியது, பார்சல் எண், டிரைவரின் கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். யமாதோ நிறுவனத்தின் சீட்டு என்றால் இரண்டு ஓரத்திலும் பூனைக் காது போலச் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். பார்வையற்றவர்கள் விரலால் தடவியே அடையாளம் கண்டுகொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. குட்டியைக் கவ்விப் போகும் கறுப்புப் பூனைதான் அந்த நிறுவனத்தின் சின்னம்.

சீட்டில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போட்டால் போதும். பல நேரம் அன்று இரவே டிரைவர் மறுபடி வந்து நிற்பார். கூடுதல் காசு கிடையாது. 'நேத்தே சொல்லியிருக்கலாமே சார்' என்ற முனகலும் கிடையாது.

இதற்கு அங்கே சாய்ஹைதாத்சு என்று பெயர், மறு டெலிவரி. ஆன்லைன் ஷாப்பிங்கின் கடைசிக் கட்ட டெலிவரியைப் பசுமையாக்குவது எப்படி என்ற பேச்சு வந்தாலே நாம் மின்வண்டியில் ஆரம்பித்து மின்வண்டியிலேயே முடிக்கிறோம். ஜப்பான் பத்தாண்டுகளாகக் கதவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறது. கதவு திறக்காமல் போகும் அந்த ஒரு நடைக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு மனித உழைப்பு செலவாகிறது என்று அரசே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இந்த ஆய்வு அந்தக் கணக்கைப் பற்றியது.

வீட்டில் ஆள் இருந்த காலம்

யமாதோ 1919-இல் டோக்கியோவில் நான்கு லாரிகளோடு தொடங்கிய நிறுவனம். தனி வீடுகளுக்குப் பார்சல் கொண்டுபோகும் 'தக்யூபின்' சேவையை 1976 ஜனவரி 20 அன்று ஆரம்பித்தார்கள். முதல் நாள் வந்தவை மொத்தம் 11 பார்சல்கள். அதற்கு முன் சாமான் அனுப்ப அஞ்சலகம் இருந்தது, ரயில்வே இருந்தது. இரண்டிலும் அனுப்புகிறவர்தான் அலைய வேண்டும். நிறுவனரின் மகன் ஒகுரா மசாஓ இல்லத்தரசிகளை மனத்தில் வைத்து இந்தச் சேவையை வடிவமைத்தார். வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொள்வோம், வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்போம், அவ்வளவுதான். பனிச்சறுக்குச் சாமான் 1983-இல் சேர்ந்தது, கோல்ஃப் பை அடுத்த வருடம். 1980-களின் கடைசியில் மீனும் ஐஸ்கிரீமும் குளிர்பெட்டியில் போக ஆரம்பித்தன. 1998-இல், எந்த நேரத்துக்கு வேண்டும் என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது.

அந்த ஏற்பாடு முழுக்கவும் வீட்டில் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில் நின்றது. 1990-களில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள், கணவன் மட்டும் வேலைக்குப் போகும் குடும்பங்களை எண்ணிக்கையில் முந்தின. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜப்பானியக் குடும்பங்களில் சுமார் 38 சதவீதம் ஒற்றை ஆள் குடும்பங்கள். வீடுகள் பகலில் காலியாகிக்கொண்டே வந்தன; ஆன்லைன் ஷாப்பிங்கால் பார்சல்கள் பெருகிக்கொண்டே வந்தன. 2022 நிதியாண்டில் பார்சல் எண்ணிக்கை 500 கோடியைத் தாண்டியது. மக்கள்தொகை பன்னிரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. கைக்குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 40 பார்சல்.

கணக்கு

2014 டிசம்பரில் மூன்று பெரிய நிறுவனங்களின் பார்சல்களை வைத்துக் கணக்கெடுத்தார்கள். ஐந்தில் ஒரு பார்சல் முதல் நடையில் கைமாறவில்லை என்று தெரிந்தது. நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகம் இதை 2015-இல் விரித்து எழுதியது. டெலிவரி வண்டிகள் ஓடும் தூரத்தில் 25 சதவீதம் மறு டெலிவரிக்காகவே ஓடுகிறது. அதனால் வெளியாகும் கரியமில வாயு ஆண்டுக்குச் சுமார் 4.2 லட்சம் டன். வீணாகும் உழைப்பு 18 கோடி மணி நேரம், ஏறக்குறைய 90,000 பேர் ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வருவதற்கு மட்டும் ஒரு சிறு நகரமே வேலை செய்துகொண்டிருந்தது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் பட்டது அதே ஆய்வில் கிடைத்த காரணங்கள்தான். முதல் முறை பார்சலை வாங்க முடியாதவர்களில் பத்துக்கு நான்கு பேர், பார்சல் வரும் என்றே தெரியாது என்றார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வருவது தெரியும், தாங்கள் வீட்டில் இருக்கப் போவதில்லை என்பதும் தெரியும். எப்படியும் மறுபடி வருவார்கள் என்ற தைரியத்தில் விட்டுவிட்டவர்கள் அவர்கள். முதல் கூட்டத்துக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். இரண்டாவது கூட்டத்தை என்ன செய்வது என்பதுதான் அடுத்த பத்தாண்டுகளின் பிரச்சினை.

நம்மூரில் டெலிவரி ஊழியர் தெருமுனையில் இருந்தே போன் போட்டுவிடுவார். 'வீட்ல இருக்கீங்களா?' இல்லை என்றால் வாட்ச்மேன், பக்கத்து வீடு, கீழே இஸ்திரி போடுகிறவர் என்று யாராவது ஒருவர் கையில் கொடுக்கச் சொல்லிவிடுகிறோம். எங்கள் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் மேஜைக்கு அடியில் எப்போதும் பத்துப் பதினைந்து அட்டைப்பெட்டி கிடக்கும். யாரும் திட்டமிட்டு உருவாக்காத லாக்கர் அது. ஜப்பானில் அப்படி முடியாது. போன் போட்டுத் தொந்தரவு செய்வது மரியாதை இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கமும் பெருநகரங்களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. உரியவர் தன் முத்திரையைக் குத்தியோ கையெழுத்துப் போட்டோ வாங்க வேண்டும் என்பது வெகுகாலப் பழக்கம்.

2017

பிரச்சினை வெடித்தது கரியமில வாயுவால் அல்ல, ஆள் பற்றாக்குறையால். அந்த வருடம் யமாதோ தன் கணக்குகளை ஆராய்ந்து, சுமார் 47,000 ஊழியர்களுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. பாக்கித் தொகை ஏறக்குறைய 1,900 கோடி யென். ஆன்லைன் கடைகளின் பார்சல் வெள்ளத்தில் டிரைவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் வண்டியிலேயே கழித்திருந்தார்கள்.

ஜூன் மாதம் நண்பகல் 12 முதல் 2 மணி வரையிலான டெலிவரி நேரத்தை எடுத்துவிட்டார்கள். இரவு 8 முதல் 9 என்று இருந்த கடைசி ஒரு மணி நேரத்தை 7 முதல் 9 என்று தளர்த்தினார்கள். அக்டோபரில் கட்டணம் சராசரி 15 சதவீதம் ஏறியது. அடிப்படைக் கட்டணம் உயர்ந்தது 27 ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. மக்கள் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. டிரைவரின் நிலை செய்திகளில் அவ்வளவு அடிபட்டிருந்தது.

மறு டெலிவரிக்கு மட்டும் யாரும் காசு கேட்கவில்லை. அந்த முடிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அரசு அந்த அக்டோபரிலிருந்து ஏப்ரல், அக்டோபர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை மறு டெலிவரி விகிதத்தைக் கணக்கெடுத்து வெளியிடத் தொடங்கியது. முதல் எண் 15.5 சதவீதம்.

பெட்டியும் பையும்

ஃபுகுய் மாநிலத்தில் அவாரா என்று ஒரு சிறு நகரம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவது அந்த வட்டாரத்தில் சர்வ சாதாரணம். 2016 கடைசியில் அவாரா நகராட்சியும் பானசோனிக்கும் சேர்ந்து, அப்படிப்பட்ட நூற்றுச் சொச்சம் வீடுகளின் வாசலில் டெலிவரிப் பெட்டி பொருத்தின. மின்சாரம் வேண்டாத, இயந்திரப் பூட்டு உள்ள இரும்புப் பெட்டி. டிரைவர் பார்சலை உள்ளே வைத்து மூடினால் பூட்டிக்கொள்ளும். பெட்டியிலேயே ரசீதில் முத்திரையும் விழுந்துவிடும். முத்திரைப் பழக்கத்தோடு சண்டை போடாமல் அதையும் பெட்டிக்குள் அடக்கிவிட்டார்கள். ரசிக்க வேண்டிய விஷயம்.

பெட்டிக்கு முன் அந்த வீடுகளில் மறு டெலிவரி 49 சதவீதம். பெட்டிக்குப் பின் 8 சதவீதம். மிச்சம் இருந்தவற்றிலும் காரணம் பெரும்பாலும் சாமான்தான்: குளிர்பெட்டிச் சரக்கு, பெட்டிக்குள் நுழையாத அளவு, ஏற்கெனவே ஒரு பார்சல் உள்ளே இருந்தது.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாடு முழுவதும் இப்படியே குறையும் என்று நினைத்தால் தப்பு. பகலில் ஆளே இல்லாத வீடுகளைத் தேர்ந்தெடுத்துச் செய்த சோதனை இது. ஆனால் ஒன்று தெளிவு. டிரைவர் மாறவில்லை, வண்டி மாறவில்லை, பாதை மாறவில்லை. வாசலில் ஒரு பெட்டி வந்தது, வீண் நடை ஆறில் ஒரு பங்கு ஆனது.

அபார்ட்மென்ட்டில் பெட்டி வைக்க இடம் வேண்டும், இடம் என்றால் எஃப்எஸ்ஐ கணக்கு, அதாவது மனை அளவுக்கு எவ்வளவு தளப் பரப்பு கட்டலாம் என்ற வரம்பு. கட்டுமானக்காரர்கள் விற்கக்கூடிய சதுர அடியைப் பெட்டிக்கு விட்டுத் தருவார்களா? அரசு 2017-லும் 2018-லும் விதிகளைத் திருத்தி, டெலிவரிப் பெட்டி வைக்கும் இடத்தைக் குறிப்பிட்ட அளவுவரை தளப் பரப்பு விகிதக் கணக்கிலிருந்து விலக்கியது. முதலில் அபார்ட்மென்ட் பொது நடைவழிக்கு, அப்புறம் எல்லா வகைக் கட்டடத்துக்கும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த அரசு நடவடிக்கை இதுதான். மானியம் இல்லை, விளம்பரம் இல்லை, ஒரு கழித்தல் கணக்கு.

பெட்டி வைக்க வசதியில்லாத பழைய குடியிருப்புகளுக்கு இன்னொரு வழி வந்தது. டோக்கியோவில் ஒரு சின்ன நிறுவனம் 2018-இல் ஓகிப்பா என்ற மடிப்புப் பையைக் கொண்டுவந்தது. மடித்தால் உள்ளங்கை அளவு, பிரித்தால் 57 லிட்டர். கதவுப் பிடியில் கம்பி வடத்தால் தொங்கும். டிரைவர் பார்சலை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துச் சின்னப் பூட்டை அழுத்துவார். ஜப்பான் அஞ்சல் நிறுவனத்தோடு சேர்ந்து டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் 1,000 வீடுகளில் சோதித்தபோது மறு டெலிவரி 61 சதவீதம் வரை குறைந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா என்றுதான் நமக்குத் தோன்றும். அங்கேயும் அந்தப் பயம் உண்டு. அதனால் காப்பீடும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பூட்டே இல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போவதற்கு ஓகிஹாய் என்று பெயர். அமேசான் 2019 இலையுதிர்காலத்தில் கிஃபு மாநிலத்தின் தாஜிமி நகரில் ஒரு மாதம் சோதித்துப் பார்த்தது. 2020 மார்ச்சில் 30 மாநிலங்களில் ஓகிஹாயையே இயல்பான முறை ஆக்கியது. கையில்தான் வேண்டும் என்பவர் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கடுத்த சில வாரங்களில் கொரோனா நாட்டையே வீட்டுக்குள் அடைத்தது.

எல்லோரும் வீட்டில் இருந்தபோது

2020 ஏப்ரல் கணக்கில் மறு டெலிவரி 8.5 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் 16. பாதியாகிவிட்டது என்று கொண்டாடினார்கள்.

எனக்கு அந்த 8.5 உறுத்துகிறது. பள்ளி இல்லை, பல அலுவலகங்கள் இல்லை, வெளியே போகாதே என்று அரசே கேட்டுக்கொண்ட மாதம். அப்போதும் பன்னிரண்டில் ஒரு பார்சல் திரும்பிப் போயிருக்கிறது. குளித்துக்கொண்டிருந்தவர், தூங்கிக்கொண்டிருந்தவர், காணொலிக் கூட்டத்தில் இருந்தவர், மணி அடித்தும் கதவைத் திறக்க விரும்பாதவர். வீட்டில் ஆள் இருப்பதும் கதவு திறப்பதும் ஒன்றல்ல. நேரத்தைத் துல்லியமாகக் கணித்துச் சொல்லும் செயலிகளை மட்டும் நம்பியிருப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

அந்த அக்டோபரிலேயே விகிதம் 11.4-க்கு ஏறிவிட்டது. 2022 அக்டோபரில் 11.8, 2023 அக்டோபரில் 11.1. மூன்று ஆண்டுகள் அசையாமல் நின்றது. பெட்டி இருக்கிறது, பை இருக்கிறது, லாக்கர் இருக்கிறது, பார்சலை வாங்கி வைக்கும் 24 மணி நேரக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, அப்படியும் இறங்கவில்லை.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. 2024 வரையிலான கணக்கெடுப்பு யமாதோ, சகாவா, ஜப்பான் அஞ்சல் ஆகிய மூன்றின் பார்சல்களை மட்டுமே எண்ணியது. அமேசான் தன் சொந்த ஏற்பாட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போகும் பார்சல்கள் இதில் வராது. எளிதாகக் கைமாறும் பார்சல்கள் வெளியே போய்விட்டால், மிச்சம் இருப்பவற்றின் விகிதம் கெட்டியாகத்தானே தெரியும்.

லாக்கர் ஏன் தவறவிட்டது

யமாதோவும் ஒரு பிரெஞ்சு நிறுவனமும் சேர்ந்து 2016-இல் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. அதன் லாக்கர்களுக்குப் புடோ என்று பெயர். ரயில் நிலையம், சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை வாசல் என்று 6,000-க்கு மேல் நிறுவினார்கள். போட்டி நிறுவனங்களின் பார்சலையும் அதே லாக்கரில் வைக்கலாம் என்பது நல்ல முடிவு. ஒரே தெருவில் நான்கு நிறுவனங்களின் நான்கு லாக்கர் நிற்கும் அபத்தம் தவிர்ந்தது.

போலந்தை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை ஜப்பானில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே இன்போஸ்ட் என்ற ஒரே நிறுவனத்துக்கு 20,000-க்கு மேல் லாக்கர்கள். ஆன்லைனில் வாங்கினால் லாக்கரில் போய் எடுத்துக்கொள்வது அங்கே சாதாரணப் பழக்கம். வீட்டு டெலிவரியைவிட லாக்கர் மலிவு என்பது அதற்குப் பெரிய காரணம்.

ஜப்பானில் லாக்கருக்கு என்ன அனுகூலம்? மழையில் ரயில் நிலையம்வரை நடந்து, எண்ணைத் தட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து போன் போட்டால் வாசலுக்கே வரும். இரண்டுக்கும் விலை ஒன்றே, அதாவது பூஜ்யம். நான் டோக்கியோவில் இருந்தால் நானும் போன்தான் போடுவேன்.

அந்த இலவசத்தைத் தொட மூன்று நிறுவனங்களில் ஒன்றுக்கும் துணிச்சல் வரவில்லை. ஒருவர் காசு கேட்டால் கடைக்காரர்கள் அடுத்தவரிடம் போய்விடுவார்கள் என்ற பயம் இயல்பு. காசு வாங்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. பார்சல் மேல் எழுதிய முகவரியை விட்டு வேறு முகவரிக்குத் திருப்பிவிடச் சொன்னால் 2023 ஜூன் முதல் யமாதோ கட்டணம் வாங்குகிறது. வானம் இடிந்து விழவில்லை.

பூஜ்யம் என்பது வாடிக்கையாளருக்கு மட்டும். சம்பள டிரைவருக்கு அது கூடுதல் நேரம். சின்ன வேனைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, பார்சலுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் ஓட்டுகிற டிரைவர் நிலை இன்னும் மோசம். கைமாறிய பார்சலுக்குத்தான் பெரும்பாலும் கூலி. பூட்டிய கதவுக்குப் போன பெட்ரோல் அவர் பாக்கெட்டிலிருந்து.

வண்டிப் பக்கம்

வண்டியை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2006 ஜூனில் ஜப்பான் வண்டி நிறுத்தும் விதிகளைக் கடுமையாக அமல்படுத்தத் தொடங்கியது. தெருவோரம் நின்ற வண்டிகளைத் தனியார் கண்காணிப்பாளர்கள் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். நிறுவனங்கள் தெருவுக்குள்ளேயே ஒரு சின்னக் கடை அளவு இடத்தை வாடகைக்கு எடுத்து, லாரி அங்கே ஒரே முறை வந்து இறக்கிவிட்டுப் போகும்படி செய்தன. அங்கிருந்து தள்ளுவண்டியிலும், இழுவைப் பெட்டி பூட்டிய சைக்கிளிலும் பார்சல் போகும். டோக்கியோவில் பச்சைச் சட்டை போட்ட டெலிவரி ஊழியர் தள்ளுவண்டியோடு சந்துக்குள் ஓடுவதைப் பார்த்துச் சுற்றுச்சூழல் அக்கறை என்று நினைப்போம். ஆரம்பித்து வைத்தது அபராதச் சீட்டு.

கியோட்டோவில் இன்னும் அழகான ஏற்பாடு. 2011 மே மாதம் யமாதோ ராண்டென் என்ற ஊர் டிராமில் பார்சல் ஏற்றத் தொடங்கியது. காலையில் பயணிகள் இல்லாத ஒரு பெட்டிக்குள் சக்கரக் கூண்டுகளை உருட்டி ஏற்றுவார்கள். சுற்றுலாக் கூட்டம் நெரியும் அராஷியாமாவில் இறக்கி, இழுவை சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். அந்த ஊருக்குள் லாரி நடை குறைந்ததே பெரிய விஷயம். ஆனால் டிராம் இருக்கிற ஊருக்குத்தான் இது சரிப்படும்.

2022-இல் யமாதோ ஹினோ நிறுவனத்தின் சின்ன மின் லாரிகள் 500 வாங்க முடிவு செய்தது. தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் சரக்குத் தளம் இருப்பதால், ஒரு நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்கும் டிரைவரின் முழங்கால் தப்பிக்கும். நல்ல வண்டிதான். இருந்தாலும் அந்த வண்டியும் பூட்டிய கதவுக்கு இரண்டு தடவை போனால் பேட்டரி தேய்கிறது, தெரு நெரிகிறது, டிரைவரின் மாலை நேரம் போகிறது. புகைதான் இல்லை.

ஆறு சதவீதம் என்ற இலக்கு

2024 ஏப்ரல் முதல் லாரி டிரைவர்களின் கூடுதல் நேரம் ஆண்டுக்கு 960 மணிக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வந்தது. ஒன்றும் செய்யாவிட்டால் அந்த ஆண்டு சரக்குத் திறனில் 14 சதவீதமும், 2030-இல் 34 சதவீதமும் பற்றாக்குறை வரும் என்று அரசு எச்சரித்தது. 2023 ஜூனில் அறிவித்த திட்டத்தில், சுமார் 12 சதவீதமாக இருந்த மறு டெலிவரியை 2024 நிதியாண்டில் 6 ஆக்குவோம் என்று எழுதினார்கள்.

இலவசத்தைத் தொடாமல் எப்படிக் குறைப்பது? எதிர்த்திசையில் போனார்கள். 2024 அக்டோபரில், ஓகிஹாய், லாக்கர், கடையில் போய் வாங்குவது, அவசரமில்லாத தேதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளருக்கு ஆன்லைன் கடைகள் பாயின்ட் கொடுக்க, அரசு பணம் போட்டது. அந்த அக்டோபர் கணக்கில் விகிதம் 10.2. அதே ஆண்டு ஏப்ரலில் 10.4 இருந்தது. ஆறு எங்கோ தூரத்தில் நின்றது. ஆண்டுக்கு 500 கோடி பார்சலில் பத்து சதவீதம் என்றால் தோராயமாக 50 கோடி வீண் நடை.

பாயின்ட் கொடுப்பதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏற்கெனவே ஓகிஹாய் கேட்கிறவருக்கும் சேர்த்துப் போகிறது. கேட்காதவரை அசைக்க அந்தச் சில யென் போதவில்லை. அமேசான் செய்ததுபோல இயல்பு முறையையே மாற்றுவதற்குத்தான் பலம் அதிகம். அரசும் 2025-இல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது: பார்சல் நிறுவனங்களுக்கான மாதிரி ஒப்பந்த விதிகளில், கையில் கொடுப்பதோடு ஓகிஹாயையும் சேர்க்கலாமா என்று நிபுணர் குழு வைத்துப் பேச ஆரம்பித்தது.

செய்தி வந்ததுமே எதிர்ப்பும் வந்தது. திருட்டு போனால் யார் பொறுப்பு? மழையில் நனைந்தால்? தனியாக இருக்கும் பெண், தன் பெயர் ஒட்டிய பெட்டி நடைவழியில் கிடப்பதை விரும்புவாரா? அவை எல்லாம் நியாயமான கேள்விகள். அதைவிட முரட்டுத் தடை, நகர அபார்ட்மென்ட்களின் தானியங்கிப் பூட்டு. கீழ்த்தளக் கண்ணாடிக் கதவை உள்ளே இருக்கிறவர் அழுத்தித் திறந்தால்தான் டிரைவர் மேலே போகவே முடியும். அப்புறம்தானே வாசலில் வைப்பது. இதற்காக டிரைவரின் கைபேசியிலேயே, அந்தப் பார்சலுக்கு மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும் கதவைத் திறக்கும் டிஜிட்டல் சாவியை அமேசானும் பின்னால் யமாதோவும் கொண்டுவந்தன. அதைப் பொருத்தலாமா கூடாதா என்று முடிவு செய்வது ஒவ்வொரு கட்டடத்தின் குடியிருப்போர் சங்கம். முன்பின் தெரியாதவர் நம் படியேறி வரலாமா என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். சம்மதம் கிடைக்காத கட்டடங்களில் டிரைவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, வீட்டு எண்ணை அழுத்தி, மணியை ஒலிக்கவிட்டுக் காத்திருக்கிறார். பதில் இல்லை என்றால் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதுகிறார்.